ஆளுக்கொரு தீர்ப்பு

இல்ல இல்ல, நீங்க உக்காருங்க வக்கீலம்மா. அந்தத் துணி மூட்டையத் தள்ளிட்டு உக்காருங்க. கோட்ட மட்டும் கழட்டிக் குடுங்க. உள்துணி பிஞ்சு தொங்குது, அதோட கோர்ட்டுல போய் நின்னா நல்லாவா இருக்கும்? காசெல்லாம் வேணாம். கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது. ஜெயில்ல கெடக்கற என் தம்பிக்காக இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, இதுகூடச் செய்யலன்னா எப்படி?

அவன் குணம் எப்படின்னு கேட்டீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தக் கடைக்கு வர்றவங்க குணத்தச் சொல்லியாகணும், அப்பத்தான் உங்களுக்கு விஷயம் புரியும்.

குடோன் வாட்ச்மேன பின்னாலேர்ந்து மண்டையில அடிச்சுப் போட்டுட்டு எவனோ பெட்டியத் தூக்கிட்டு ஓடின வீடியோ வந்துச்சுல்ல, அன்னைலேர்ந்து இந்தக் கடையே கோர்ட்டுதான். வர்றவங்க அந்தக் கண்ணாடி முன்னாடி நிப்பாங்க. நான் கீழ உக்காந்து பேன்ட் மடிப்புக்கு அளவு வெச்சுட்டு இருப்பேன், வாயில குண்டூசி. வாயில ஊசி வெச்சிருக்கறவ எதுத்துப் பேசமாட்டான்னு தெரியும்ல, மனசுல இருக்கறதெல்லாம் கொட்டுவாங்க.

டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருத்தர் வருவார். வீடியோல முதுகு மட்டும்தான் தெரியுது. பாத்த உடனே, இவன் பழகின திருடன், ஓடற ஓட்டத்திலயே தெரியுதுன்னார். அவருக்கு ரோட்டுல போற அத்தன பேரும் அவர் வண்டிய இடிக்கன்னே கிளம்பினவங்க. பேக்கரிக்காரம்மா நேர் எதிர். ஐயோ பாவம், என்ன கஷ்டமோன்னு கண்ணக் கசக்கிட்டாங்க. அவங்க ஸ்கூட்டர ரெண்டு தடவ எங்கயோ கொண்டுபோய் மோதிட்டு வந்தவனுக்கு மூணாவது தடவயும் சாவியக் குடுத்தவங்க அவங்க. அப்புறம் ரிட்டயரான ஆடிட்டர். நான் தச்சத உள்பக்கம் திருப்பித் தையல் தையலாப் பாக்காம வாங்கமாட்டார். மூஞ்சி தெரியல, ஆதாரம் இல்ல, அப்புறம் என்னத்தப் பேசறீங்கன்னு அதட்டினார். கொழம்புல உப்பு சரியா இருக்குன்னு பொண்டாட்டி சொன்னாக்கூட ஆதாரம் கேக்கற மனுஷன்.

ஒரே வீடியோ, ஓடறவன் ஒருத்தன்தான். ஆனா ஆளாளுக்கு அவங்கவங்க மனசத்தான் அதுல பாத்துட்டுப் போறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. என்னமோ நான் மட்டும் ஆடாம நிக்கற தராசுன்னு நெனப்பு.

என் குணமா? அதுக்குத்தான் வர்றேன். இருங்க, நூல் கோத்துக்கறேன்.

அம்மா போனப்புறம் தம்பிய நான்தான் வளத்தேன். அக்கம்பக்கத்துலேர்ந்து யாராவது எங்க வாசல்ல வந்து நின்னாலே போதும், என்ன ஏதுன்னு கேக்கறதுக்குள்ள அவன இழுத்துட்டு வந்து முதுகுல ரெண்டு வெச்சிருவேன். ஒரு தடவ எதுத்த வீட்டுக்காரர் வந்தார். அடிச்சு முடிச்சப்புறம்தான் தெரியுது, அவர் ஏணி கேக்க வந்திருக்கார். சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் அழுதுட்டே சிரிச்சான். தப்புன்னா சொந்தத் தம்பியக்கூட விடமாட்டா, என்னா நேர்மைன்னு தெருவே மெச்சும். எனக்கும் அதுல பெருமதான். நேர்மையெல்லாம் ஒண்ணுமில்ல வக்கீலம்மா, பயம். வேற யாராவது வந்து உன் வீட்டுப் பையன்தான்னு சொல்றதுக்குள்ள நானே சொல்லிடணும்ங்கற பயம்.

ஆமா, தம்பிக்கு அதே குடோன்லதான் வேல, அந்த வாட்ச்மேனோட அவனுக்கு சண்ட உண்டு. லேட்டாப் போனா கேட்டத் திறக்கமாட்டார்னு வாய்ச்சண்ட, அவ்ளோதான். திருட்டு நடந்த நேரத்துல எங்க இருந்தேன்னு போலீஸ் கேட்டா, தனியா நடந்துட்டு இருந்தேங்கறான். நடப்பான், அவனுக்கு அது பழக்கம். ஆனா சாட்சிக்கு யாரு வருவா?

வீடியோவ எல்லாரும் மேல பாத்தாங்க, நான் காலப் பாத்தேன். தொழில் அப்படி. வீடியோல ஓடறவனோட பேன்ட் மடிப்பு தூக்குது, குதிகால் பக்கம் உள்ள வெள்ளையா ஒரு பட்டை. ஷூவுல ஒரசி மடிப்பு கிழியாம இருக்க நான் வெச்சுத் தைக்கறது. இந்தப் பக்கம் வேற யாரும் அத வெக்கமாட்டாங்க, வேல ஜாஸ்தி. அந்த இடத்துலயே நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தம்பியோட குடோன் யூனிஃபார்ம் பேன்ட்டுக்குப் பட்டை வெச்சுக் குடுத்திருந்தேன்.

கேட்டிருக்கலாம்தான். பக்கத்து ரூம்லதான் தூங்கிட்டு இருந்தான். எழுப்பி, டேய் நீயாடான்னு ஒரு வார்த்த. கேக்கல.

நேத்து குடோன் சூப்பர்வைசர் புது ஆளுங்களோட பேன்ட்ட ஒரு கட்டாக் கொண்டாந்து போட்டார். வழக்கம்போலப் பட்டை வெச்சிருங்கக்கா, போன தடவ நீங்க வெச்சுக் குடுத்ததுல ஒண்ணுகூட கிழியலன்னார். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த குடோன்ல பாதிப் பேர் கால்ல என் பட்டைதான் இருக்கு! நானே என் கையால தச்சது. அன்னைக்கு எனக்கு ஒரே ஒருத்தன் கால்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. டிரைவிங் ஸ்கூல்காரரப் பாத்து சிரிச்சேனே, அவராவது ஊரான் பிள்ளையத்தான் திருடன்னு சொன்னார். வெக்கமா இருக்கு. உங்க மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் இந்தக் கோட்டையே பாத்துட்டு இருக்கேன்.

தன் பேரச் சொல்லாம, தம்பியக் காட்டிக் குடுத்து ஸ்டேஷனுக்கு போன் பண்ணின ஆளக் கண்டுபிடிச்சா கேஸே உடைஞ்சிரும்னு சொன்னீங்கல்ல. இவன்மேல அந்த ஆளுக்கு என்ன பகைன்னு தோண்டணும்னீங்க. பகையெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த போன நான்தான் பண்ணேன்.

எழுதிக்கோங்க. எங்க வந்து சொல்லணுமோ வந்து சொல்றேன். பட்டையப் பத்திச் சொல்றேன், யார் யாருக்குத் தச்சேன்னும் சொல்றேன். அதுக்காக என்மேல கேஸ் போட்டாலும் போடட்டும், அதுக்கெல்லாம் நான் கவலப்படல.

இன்னைக்குக் காலையில அவனப் பாக்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு எனக்கு ஆறுதல் சொல்றான். எவனோ போட்டுக் குடுத்துட்டான்க்கா, போகட்டும், நீ ஒருத்தி என்ன நம்பறல்ல, அது போதும்ங்கறான். நான் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

கோர்ட்டுல சொல்றதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியணும். நான்தான் சொல்லணும், அதுதான் மொற. இல்ல, வேணாம், நீங்களே சொல்லிடுங்க வக்கீலம்மா. நான் சொன்னா பரவால்லக்கான்னு சொல்லிடுவான். அத என்னால நின்னு கேக்க முடியாது.