ஆறு மணி நலச் செய்தி

சார், எனக்குக் காபிப் பழக்கம் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். காபிப்பொடி விளம்பரம் படித்தே கம்பெனியை வளர்த்தவன் காபி குடிக்க மாட்டான் என்று என் பார்ட்னர் ஹெர்பர்ட் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வெந்நீர் இருந்தால் கொடுங்கள். தொண்டைதானே என் பிழைப்பு.

மெட்ராஸ் கனவான்களின் புகாரைப் படித்துக் காட்டினீர்கள். ஞானசேகரன் என்கிற நான், உதவாத ஒலிபரப்புக் கம்பெனியை அவர்கள் தலையில் கட்டி ஏமாற்றிவிட்டேனாம். ஏமாற்று என்ற வார்த்தை எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எங்கள் அப்பா சர்ச்சில் வேதம் வாசித்தவர். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஆரம்பித்தது யுத்தத்துக்கு முன்னால். மூளை ஹெர்பர்ட்டுடையது, குரல் என்னுடையது. காக்ஸ் டவுனில் ஒரு மாடி அறை. அங்கிருந்து மார்க்கெட், அல்சூர், ஜோகுபாளையம் வரைக்கும் கம்பி இழுத்து, மூலைக்கு மூலை கம்பம் நட்டு ஸ்பீக்கர் கட்டினான். கரண்டும் எங்கள் ஆபீசிலிருந்தே போகும். காணாமல் போன பிள்ளைகள், கோயில் கூட்டங்கள், கிராமபோன் தட்டு, நடுநடுவே சோப்பு, டானிக் என்று நான் மைக்கில் பேசுவேன். ஜனங்கள் நின்று கேட்பார்கள், பிறகு போய்விடுவார்கள். கடைக்காரர்களும் அப்படித்தான்.

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த வருஷம் எல்லாம் மாறியது. ஹெர்பர்ட்டின் தங்கை யூனிஸ், ஸ்கூல் டீச்சர். அவள் புருஷன் நோயல் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலையாக அங்கே போயிருந்தான். கடிதம் நின்றுவிட்டது. அந்தப் பெண் தினமும் ஸ்கூல் விட்டதும் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருவாள். சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள். எலும்பும் தோலுமாய் ஆகிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜப்பான்காரன் ரேடியோவில் கைதிகளின் பெயர் வருகிறது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. ஒரு சாயங்காலம், "யூனிஸ், நோயல் பேர் வந்ததும்மா. நல்லா இருக்காராம்" என்றேன். நான் வாங்கிக் கொடுத்திருந்த பன்னைப் பிடித்துக்கொண்டே அழுதாள். பிறகு அதைத் தின்றாள். இன்னொன்று வாங்கித் தரவா என்று கேட்டேன், தலையாட்டினாள்.

அன்று ஆறு மணிக்கு மைக்கிலும் சொன்னேன். நல்ல சேதிதானே. மறுநாள் ஜோகுபாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். அதற்கடுத்த நாள் படிக்கட்டு நிறைய அம்மாக்கள். என் பிள்ளை பேரைக் கேட்டீர்களா சாமி என்று காலைத் தொடுகிறவளிடம் இல்லை என்றா சொல்ல முடியும்?

அப்படித்தான் நலச் செய்தி தொடங்கியது. காபிப்பொடி வியாபாரி சேஷகிரி அதற்கு விளம்பரம் கொடுத்தார். அவருடைய காலிப் பொட்டலத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தால்தான் விசாரிப்போம் என்பது என் யோசனை. கஞ்சி குடிக்கிற வீடுகளில்கூடக் காபிப்பொடி வாங்கினார்கள். ஆறு மணிக்கு மார்க்கெட்டில் நடக்க இடம் இருக்காது. அல்சூரில் ஜட்கா வண்டிகள் நின்றுவிடும். விளம்பரத்துக்குக் கடைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

எல்லாப் பெயரையும் ஒரே நாளில் படித்துவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்? அதனால் சிலரைக் காக்க வைத்தேன். சில பிள்ளைகளுக்கு என் செய்தியில் காய்ச்சல் வந்தது. பிறகு குணமானது. குணமான அன்று ஒரு வீட்டில் தேங்காய் உடைப்பார்கள், இன்னொரு வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும் சார்.

ஹெர்பர்ட் என்னை நம்பினான். ரேடியோ என் வீட்டில் இருந்தது, ராத்திரி கேட்பது நான். அவனுக்குக் கம்பியும் கம்பமும் போதும்.

மெட்ராஸ்காரர்கள் கம்பெனியை வாங்க வருவதாக எழுதிய சமயம்தான் யூனிஸுக்குப் பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. நோயல் முகாமில் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாயிற்றாம். அவள் அழவே இல்லை. "ஆர்மிக்காரங்களுக்கு என்ன தெரியும்? நேத்துதானே சேகரண்ணன் அவர் பேரைப் படிச்சாங்க" என்று தந்தியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள்.

ஹெர்பர்ட் அந்தத் தந்தியோடு என் முன்னால் வந்து நின்றான்.

"நெஜமா உன் காதால கேட்டியாடா?"

"இல்லை" என்றேன். அவனிடம் நான் பொய் சொன்னதில்லை, அவன் அதுவரை கேட்டதும் இல்லை.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

தந்தியை மடித்து என் மேஜையில் வைத்தான். "நாளைக்கு ஆறு மணிக்கு நீயே மைக்ல சொல்லிடு. எல்லாம் பொய்னு சொல்லு. இல்லேன்னா நான் சொல்றேன்."

"அதுக்கு மறுநாள் கையெழுத்து. ரெண்டே நாள் பொறுடா."

"என் தங்கச்சிய அழக்கூட விடமாட்டேங்கிறியே, பாவி. அவ அழட்டும்டா. அழுது முடிக்கட்டும்."

அவன் நியாயம் அவனுக்கு. என் நியாயத்தை அவன் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

காலையில் தூறல். மார்க்கெட் மூலை ஸ்பீக்கர் பேசவில்லை. விடிவதற்குள் அதன் ஒயரை நான்தான் இழுத்துவிட்டிருந்தேன். உண்மையைச் சொல்வதற்காவது எல்லா ஸ்பீக்கரும் வேலை செய்யவேண்டும் என்று ஹெர்பர்ட் ஏணியை எடுத்தான். கம்பத்தில் ஏறுகிறவன் கரண்ட் வராமல் ஆபீசில் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது எங்கள் கம்பெனி வழக்கம். அவனும் போட்டுக்கொண்டான். அது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்தான். என் மேஜையில் இன்னொன்று வாங்கி வைத்திருந்தேன். ஆபீஸ் ஜன்னலிலிருந்து மார்க்கெட் கம்பம் நன்றாகத் தெரியும். அவன் கை கம்பியில் படும்வரை காத்திருந்தேன். பிறகு சொருகினேன்.

அன்று ஆறு மணிக்கு அவன் மரணத்தை நான்தான் அறிவித்தேன். இரண்டு தடவை நிறுத்தித்தான் படித்து முடித்தேன், அது நடிப்பு இல்லை. நீங்கள் நம்பவேண்டும், அவன் என் சிநேகிதன். சவ அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை மெட்ராஸ்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

இதில் ஏமாற்று எங்கே வந்தது சார்? நல்ல நிலைமையில் இருந்த கம்பெனியை நல்ல நிலைமையில் கொடுத்தேன். அதற்காக ஒரு உயிரையே எடுத்திருக்கிறேன். அவர்கள் நலச் செய்தியை நிறுத்திவிட்டு சினிமாத் தட்டு போட்டார்கள், ஜனங்கள் கலைந்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து கப்பல் வந்தது, வந்தவர்கள் வந்தார்கள், வராதவர்கள் வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

ஒரு உபகாரம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யூனிஸ் இப்போதும் தினம் சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறாள். தனிக்கட்டை. ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். நோயல் நலம், கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லுவேன், தலையாட்டிவிட்டுப் போய் சாப்பிடுவாள். என்னை இங்கேயே வைத்துக்கொள்வதாயிருந்தால், நிதானமாகப் பேசுகிற கான்ஸ்டபிள் ஒருவரை நாளைக்கு அனுப்பி அதையே சொல்லச் சொல்லுங்கள். ஹெர்பர்ட் விஷயம் அவள் காதுக்குப் போகவேண்டாம். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?