எஞ்சின் ஏறிச்சு, வண்டி தாங்கலை

எங்க வீட்டுக்காரர் படத்தைத் திறந்து வைக்க வந்த மெக்கானிக் சங்கத்துக்காரங்களுக்கும், மத்த எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கமில்லை. எங்க ஷெட்டுல நடந்த கதை ஒண்ணு இருக்குதுங்க, சின்னதுதான்... அதைச் சொல்லிட்டு உக்காந்துக்கறேன்.

ஏழெட்டு வருசம் இருக்கும். வரதராஜன்னு ஒருத்தர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணைக் கொண்டு வந்தாரு. ரெண்டே சீட்டு, மேல கூரை கிடையாது. தகரமெல்லாம் அப்பளமாட்ட இருக்கும். பின்பக்கத்தை ரெண்டு பேர் தூக்கி நகர்த்திடலாம், அவ்வளவு லேசு. அவர் கேட்டது என்ன?

"சிகாமணி, இந்த எஞ்சினை இறக்கிட்டு, சூப்பர்சார்ஜர் வெச்ச பெரிய எஞ்சினை ஏத்திக் குடு. அடுத்த மாசம் ரேஸ்ல ஓட்டணும்."

சூப்பர்சார்ஜர்னா எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற சாமான். அப்படியொரு எஞ்சினை எங்க வீட்டுக்காரர் அதுவரைக்கும் தொட்டதில்லை. ஆசை தாங்கலைங்க அவருக்கு. மூணே வாரத்துல ஏத்திட்டாரு.

எந்த வண்டி வேலை முடிஞ்சாலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, முதல் சுத்துக்கு என்னையத்தான் கூட்டிட்டுப் போவாரு. "சரசு, ஏறு புள்ள"ன்னாரு. ஏறுனேன். மிதிச்சாரு பாருங்க...

மடமடன்னு ஒரு சத்தம். ஈரத்துணியைப் பிழியற மாதிரி வண்டி முறுக்கிக்கிச்சு. ஓரங்கட்டினாரு. நான் கதவைத் தள்றேன்... தொறக்கலை. அவர் வந்து இழுக்கறாரு... வரலை. சீலையைச் சொருகிக்கிட்டு மேல ஏறித்தான் குதிச்சேன். டீக்கடையில அத்தனை பேரும் பாக்கறாங்க.

"சிரிச்சீங்கன்னா சோறு கிடையாது"ன்னு அவர்கிட்டச் சொன்னேன்.

அவர் சிரிக்கலைங்க. பாடி வளைஞ்ச இடத்தைத் தடவிக்கிட்டே நின்னாரு. "எஞ்சின் மேல இருந்த ஆசையில வண்டியப் பாக்காம விட்டுட்டேன் புள்ள. உன்னையும் உள்ள உக்கார வெச்சுட்டேனே"ன்னாரு.

வரதராஜன் வந்தாரு. "எஞ்சின் ஓடுதா, இல்லையா?"

"ஓடுதுங்க."

"அப்பறமென்னய்யா? கதவைத் தட்டி நேராக்கிக் குடு."

"குடுக்க மாட்டனுங்க. வண்டி தாங்காது. உள்ள நீங்க இருப்பீங்க."

"நீ மெக்கானிக்கா, எனக்கு மாமியாரா?"

சிரிங்க, பரவால்ல... நானும் அன்னைக்குச் சிரிச்சேன்.

ரேஸு போச்சு. சிகாமணிக்கு வேலை தெரியலைன்னு ஊரெல்லாம் பேச்சு. அவர் ஏத்துன எஞ்சினைத் திரும்ப இறக்கினாரு. ரெண்டு மாசம் வண்டிக்கு அடியிலயே படுத்துக் கிடந்தாரு. அடிச்சட்டம் தாங்கறதுக்குப் பைப் வெச்சு வெல்டு பண்ணினாரு, பிளேட் வெச்சாரு, பெரிய பிரேக் போட்டாரு. அதுக்கப்பறந்தான் எஞ்சினை ஏத்தினாரு. வரதராஜன் ஓட்டிப் பாத்துட்டு வந்து, கதவை ரெண்டு தடவை தொறந்து மூடிப் பாத்தாரு.

"அதே எஞ்சின்தானா சிகாமணி?"

"அதேதானுங்க. நான் செஞ்சதெல்லாம் கீழ இருக்கு. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

இதை ஏன் சொல்றேன்?

இந்தப் பதினாறு நாளா வந்தவங்க எல்லாரும் என்ன சொல்றீங்க? தைரியமா இரு. தைரியமா இரு சரசு. சங்கத் தலைவர் அண்ணன், திங்கக்கிழமையே ஷெட்டைத் தொறந்து நீயே உக்காருன்னு சொல்றாரு. நல்ல மனசுலதான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா தைரியங்கறதும் பெரிய எஞ்சின்தானுங்களே? அவர் போன வீட்டுல, இந்த ஒல்லி உடம்புல, இன்னைக்கே அதைத் தூக்கி வெச்சா... நான் முறுக்கிக்க மாட்டனா?

உங்க தெருவுலயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பா. அவளை ஓடச் சொல்றதுக்கு முன்னால, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. அடியில எது விட்டுப் போயிருக்குன்னு பாருங்க.

ஷெட்டை விக்க மாட்டேன். தொறப்பேன். ஆனா இந்தத் திங்கக்கிழமை முடியாதுங்க அண்ணா.

அதுவரைக்கும் வீட்டுக்கு வாங்க. ஆறுதலெல்லாம் சொல்ல வேண்டாம். ஒருத்திக்காக உலை வைக்க மனசு வர மாட்டேங்குது... யாராச்சும் எதிர்ல தட்டை வெச்சு உக்காந்தீங்கன்னா, நானும் ரெண்டு வாய் சாப்பிடுவேன்.