நாவல்பழ வாசம்

சிவப்பு வைனுக்கு மீன் பொருந்தாது, ஐயா. கனகலிங்கம் அண்ணை சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

அவர் என் மனைவி நேசமலரின் தாய்மாமன் மகன். கப்பலில் சாப்பாட்டறை வேலை. இந்த எழுபத்தொன்பதாம் ஆண்டுத் தையில் விடுமுறைக்கு வந்தவர், உடையார்கட்டில் எங்கள் வீட்டில் சில நாள் தங்கினார். ஒரு போத்தல் வைன் கொண்டுவந்திருந்தார். கறுப்போ என்று நினைக்கவைக்கும் சிவப்பு.

மலர் அதற்கு விரால் மீன் பொரித்து வைத்தாள்.

"மீனோட குடிச்சா இரும்பை நக்கினமாதிரி இருக்கும், மலர். கொழுப்பிறைச்சி வேணும். மிளகாய்த்தூளும் ஆகாது, வாய் எரியும். மிளகெண்டாப் பரவாயில்லை."

"அதுக்கென்ன மச்சான், ஆட்டிறைச்சி கிடக்கு. மிளகு போட்டுப் பிரட்டித் தாறன்" என்று குசினிக்குள் போனாள்.

எனக்கு வயிற்றுப்புண் இருக்கிறது. உறைப்பைக் குறை என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன். "உறைப்பில்லாட்டி அது கறியே?" என்பாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இறைச்சி வந்தது. முதலில் மணந்து பார்க்கவேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்திருக்கவேண்டும், பிறகு இறைச்சியைக் கடித்து இன்னொரு வாய் குடிக்கவேண்டும் என்றார். செய்தேன். பச்சை வாழைக்காயைக் கடித்தது போல நாக்கு வறண்டது. மலர் முதலில் மாட்டேன் என்று சிரித்தாள். பிறகு அவருடைய கிளாசிலேயே ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல் கயர்க்குது. இறைச்சியோட சேர, நாவல்பழ வாசம் வருது."

"சரியாப் பிடிச்சிட்டாய். கப்பல்ல கனபேருக்கு இது விளங்கிறேல்லை."

மலரின் அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

காட்டுப்பன்றி இறைச்சியென்றால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, மீதி வைனை மூடிவைத்தார்.

"காலமை வாங்கோ அண்ணை, வயல் பக்கம் பாத்திட்டு வருவம்" என்றேன்.

வயலோரம் மரத்தில் துப்பாக்கியைக் கட்டி, பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைத்திருந்தேன். தடத்துக்குக் குறுக்கே நூல் ஓடும். கால் பட்டால் வெடிக்கும். விடிந்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்துவிடுவேன். அன்று அவிழ்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று விசாரணையில் சொன்னேன். ஒற்றையடிப் பாதை. விருந்தாளியை முன்னால் விடுவதுதானே மரியாதை. அவர் எந்த இறைச்சிக்கு எந்த வைன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நூலுக்குச் சற்று முன்னால், செருப்பு வாரைச் சரிசெய்ய நான் நின்றேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

எல்லோரும் தவறுதலாக நடந்தது என்றார்கள். அயலவர்கள் எனக்காகவும் அழுதார்கள்.

செத்தவீடு முடிந்தபின் ஒருநாள் சாரம் எடுக்க அலுமாரியைத் திறந்தேன். அந்த வைன் போத்தல், நான் எடுத்துக்கொடுத்த கூறைச்சேலைக்குள் சுற்றப்பட்டுக் கிடந்தது. மலர் கிணற்றடியில் நின்றாள். மிச்சம் முழுவதையும் குடித்தேன். புளித்துப்போயிருந்தது. நாவல்பழம் எங்கும் இல்லை.

வெறும் போத்தலைப் பார்த்த மலர் கோபிக்கவில்லை. மனவருத்தத்தில் குடித்தேன் என்று நினைத்துக்கொண்டாள். "உங்களில பிழையில்லை. அது அவரின்ர விதி" என்று என் முதுகைத் தடவினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, தனியாக அழுதாள். அந்த அழுகையில் எனக்கு இடமே இல்லை, ஐயா. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால்தான் யாரும் கூப்பிடாமலே பொலிஸ் ஸ்டேசனுக்குச் சைக்கிளில் வந்தேன். பொறாமை என்று எழுதவேண்டாம். எனக்கு அந்தக் குணம் இல்லை. தெரிந்தே, நான்தான் செய்தேன் என்று மட்டும் எழுதுங்கள். அவளிடமும் போய்ச் சொல்லுங்கள். இனி அவரை நினைக்கும்போதெல்லாம் அவள் என்னையும் நினைத்துத்தானே ஆகவேண்டும்.