முதல் நாற்காலியில் நசீம் பானு

தலைமை தாங்கும் மருத்துவர் தட்சிணாமூர்த்தி அவர்களே, கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் கரையான்சாவடி வணிகப் பெருமக்களே, பெரியோர்களே, பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்த தாய்மார்களே, ஊசியைக் கண்டால் ஓடி ஒளியும் என் செவிலியர் படையே! இந்த ஃப்ளூ தடுப்பூசி முகாமில் டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலி வனஜாவின் வணக்கம்.

ஊருக்கெல்லாம் ஊசி போடும் கைகள், தமக்கொன்று போட்டுக்கொள்ளத் தயங்கலாமா? தயங்கினவே! எங்கள் நசீம் பானு இருக்கிறாரே, ஆண்டுதோறும் தனக்கு வந்த ஃப்ளூ ஊசியை, "எனக்கு எதுக்குக்கா? பேஷண்ட்டுக்குப் போடுங்க" என்று தூக்கிக் கொடுத்துவிடுவார். தியாகமாம்! நாங்களும் கைதட்டினோம். சென்ற மழைக்காலத்தில் அவருக்கு இருமல். லீவு போட்டால் அடுத்தவளுக்கு இரட்டை வேலையாயிற்றே என்று, மாத்திரையை விழுங்கி, முகக்கவசம் மாட்டி வந்து நின்றார். அந்த வாரமே நம் நோயாளி, நூம்பலிலிருந்து வரும் உலகநாதன் அண்ணன், ஃப்ளூ முற்றி மூச்சுக்குப் போராடினார். யாரிடமிருந்து தொற்றியது? எவராலும் சொல்ல முடியாது. ஆனால் நசீம் அழுத அழுகையை நான் பார்த்தேன்.

பிழைத்து வந்த அண்ணன் இந்த ஆண்டாவது ஊசிக்குச் சம்மதித்தாரா? இல்லை! டாக்டர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். நேற்று நசீமும் கெஞ்ச, திருப்பிக் கேட்டார்: "ஏம்மா நசீமு, இத்தினி சொல்றியே, நீ போட்டுகினியா?"

"இல்லண்ணா" என்று உண்மையை ஒப்புக்கொண்டார் நசீம்.

"பாத்தியா! நீ மொதல்ல குந்து. அப்பால நான் குந்துறேன்."

என்ன அங்கே பின்வரிசையில்? "ஊசி போட்டா ஜுரம் வருதேக்கா"வா? வரலாம் அண்ணாத்தே! கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு கணகணக்கும், போய்விடும். அது ஃப்ளூ அல்ல. போட்டால் ஃப்ளூ வரவே வராது என்று நான் புளுக மாட்டேன். வந்தாலும் ஆளைச் சாய்ப்பது குறையும். கிருமி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, அதனால் ஊசியும் ஆண்டுக்கொரு முறை.

என் தங்கைகளே! தொட்டுத் தூக்குவது நம் தொழில், துவண்டவரைத் தாங்குவது நம் தொழில். அந்தக் கையே நோயைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? கொடுக்கலாமா? இந்த ஆண்டு எல்லோருக்கும் போதுமான ஊசி வந்திருக்கிறது. இனி எவளும் தியாகம் செய்யத் தேவையில்லை!

இதோ, மேடையில் இரண்டு நாற்காலி. நசீம், வாம்மா. உட்கார்ந்துவிட்டார், பாருங்கள்! அண்ணா, நீங்கள்?

"சொன்னா சொன்னதுதான். நவுருங்கப்பா, வழி உடுங்க!"

அட, இடது கை வேண்டாம் அண்ணா, அது டயாலிசிஸ் குழாய் மாட்டும் கை. வலது கையைக் கொடுங்கள். ஜஸ்டின், இன்று ஊசி போடுவது நீதானே, எடு தம்பி. இவர்களுக்கு அடுத்து நான்.

வரும் மழையிலும் இந்த இருவரும் இப்படியே பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்து வாருங்கள், வணக்கம்!