ஆறு மணிக்கு நின்ற ஓட்டம்

பௌத்த ஆண்டு 2562, பெப்ரவரி 13, புதன்கிழமை, காலை பத்து மணி. இடம்: தாய்லாந்தின் பட்டாயாக் கடற்கரைச் சாலையின் தென்முனையில், விளக்கு ஏற்றிய பிறகே விழித்துக்கொள்ளும் நடைத்தெருவின் வாயிலில் உள்ள காவல் சாவடி. விசாரிப்பவர், காவலர்களுக்கு உதவும் வெளிநாட்டுத் தொண்டர்களின் பொறுப்பாளர் கேப்டன் நத்தயா. விசாரிக்கப்படுபவர், பின்லாந்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்று, இவ்வூரில் குடியேறி, இவ்வூர் மொழியை இவ்வூர்க்காரர்களைப் போலவே பேசும் தொண்டர் வெய்க்கோ. சாவடியின் வாசலில் பப்பாளிக்காய் இடித்து விற்கும் சம்லியை இந்த விசாரணைக்கு எவரும் அழைக்கவில்லை.

நத்தயா: அதெல்லாம் இருக்கட்டும் மாமா. ஓடினீங்களா, இல்லையா?

வெய்க்கோ: வேகமா நடந்தேன்.

நத்தயா: எவ்வளவு வேகமா?

வெய்க்கோ: கொஞ்சம்... அவசரமா.

சம்லி: தொப்பி பறந்துச்சு கேப்டன். நான்தான் பொறுக்கி வச்சேன்.

நத்தயா: அக்கா, உங்கள யாரு கேட்டா?

சம்லி: யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்.

நத்தயா: நடக்கிறவரு தொப்பி எப்படி மாமா பறக்கும்?

வெய்க்கோ: கடற்கரைல காத்து ஜாஸ்தி.

நத்தயா: நேத்து ஒரு கொடிகூட அசையல.

வெய்க்கோ: உங்களுக்கு எப்படித் தெரியும்? நேத்து நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்கள்ல.

நத்தயா: ...வீடியோல பாத்தேன்.

வெய்க்கோ: ஆமாமா. வீடியோ.

நத்தயா: கேள்வி கேக்கறது நான். எங்க விட்டேன்?

சம்லி: தொப்பில விட்டீங்க.

அந்த வீடியோவை முந்தைய நாள் மாலையிலிருந்து ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசியகீதம் தொடங்கும்போது அது தொடங்குகிறது; கீதம் முடியும்போது முடிகிறது. கடற்கரைச் சாலையில் மனிதர்கள் அனைவரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். நடுவில் வெய்க்கோ, கருஞ்சட்டையும் தொண்டருக்கான கைப்பட்டையுமாக, அடித்து நட்ட கம்பம்போல் விறைத்து நிற்கிறார். அவருக்கு மூன்றடி பின்னால், அக்குளில் ஒரு பெண்ணின் கைப்பையை இடுக்கியபடி, மஞ்சள் பனியன் அணிந்த இளைஞன் ஒருவன் அதே விறைப்புடன் நிற்கிறான். கீதத்தின் பாதியில் பை நழுவித் தரையில் விழுகிறது. இளைஞனின் கண்கள் மட்டும் கீழே போகின்றன; கைகள் அசையவில்லை. கீதம் முடிந்ததும் அவன் குனிவதா ஓடுவதா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு, பையை விட்டுவிட்டு ஓடியதை, வீடியோவில் இல்லாவிட்டாலும், எல்லோரும் அறிந்திருந்தார்கள். பைக்கு உரிய கஜகஸ்தான் பெண்மணி பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெற்று, அன்றிரவே விமானம் ஏறினார். திருடனைத் துரத்தி, முந்தி, முதுகாலேயே மறித்து நின்ற வெள்ளைக்காரர் என்று வெய்க்கோவின் புகழ் பரவியது.

தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. தொண்டர்கள் வழி சொல்லலாம், மொழிபெயர்க்கலாம், அழுபவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். எவரையும் துரத்தக் கூடாது. சென்ற ஆண்டு பெல்ஜியத் தொண்டர் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் துரத்திச் சென்று, மீன் உணவகத்தின் நண்டுத் தொட்டிக்குள் விழுந்த பிறகு இயற்றப்பட்ட விதி அது. துரத்தியவர் கைப்பட்டையைத் திருப்பித் தரவேண்டும். வெய்க்கோ துரத்தினாரா என்பதற்கு நண்பகலுக்குள் பதில் வேண்டும் என்று நத்தயாவின் மேலதிகாரியான கர்னல் கேட்டிருந்தார்.

நத்தயா: கர்னல் வீட்டம்மா அந்த வீடியோவ நாலு தடவ பாத்து அழுதாங்களாம்.

வெய்க்கோ: பாவம்.

நத்தயா: கர்னல் அழல. விதியைக் காட்டினாரு.

வெய்க்கோ: இன்னொரு விதியும் இருக்கு. பயிற்சியில நீங்கதானே சொன்னீங்க? ஆறு மணிப் பாட்டு வந்துட்டா, கையில என்ன இருந்தாலும், வாயில என்ன இருந்தாலும், அப்படியே நின்னுடணும்னு.

நத்தயா: வாயில இருக்கறத முழுங்கிட்டு நிக்கலாம்னும் சொன்னேன்.

வெய்க்கோ: முழுங்கறதுல எனக்குப் பிரச்சினையே இல்ல.

சம்லி: க்ஹூம்.

நத்தயா: என்னக்கா?

சம்லி: ஒண்ணுமில்ல. மிளகாய் நெடி.

நத்தயா: நின்னதப் பத்தி யாரும் கேக்கல மாமா. நின்னது அழகு. அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க? அதான் கேள்வி. திருடனத் துரத்தினீங்கன்னா, அவனுக்குப் பின்னாடிதானே நிக்கணும்? முன்னாடி எப்படிப் போனீங்க?

வெய்க்கோ: பிரேக் பிடிக்கல.

நத்தயா: பனி வண்டி ஓட்டினவருக்கா?

வெய்க்கோ: பனில ஒருமாதிரி... மணல்ல ஒருமாதிரி.

நத்தயா: சரி. கண்ணுல தண்ணி எதுக்கு?

வெய்க்கோ: மரியாதை.

நத்தயா: நெத்தியெல்லாம் வேர்வை?

வெய்க்கோ: அதுவும் மரியாதை.

நத்தயா: முட்டி ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஆடுதே, இந்த இடத்துல பாருங்க...

வெய்க்கோ: ரொம்ப மரியாதை.

சம்லி: என் வண்டில சாப்பிட்டு இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

நத்தயா: அக்கா, யாருக்கு என்ன ஆச்சு?

சம்லி: ஆகலங்கறேன்.

நத்தயா: ஆச்சான்னு நான் கேக்கவே இல்லையே.

சம்லி: நீங்க கேப்பீங்கன்னு...

வெய்க்கோ: சம்லி, போய் பப்பாளியச் சீவு.

சம்லி: பப்பாளில அந்த உப்புல ஊறின பச்சை நண்டு, நண்டு ஊறல், அது வேணாம்னு நான் சொன்னேன் கேப்டன். இவருதான், நான் மட்டும் என்ன சுற்றுலா வந்தவனா, உங்காளுங்க திங்கற மாதிரியே போடுன்னாரு. நானும் போட்டேன். மிளகாயும் கேட்டாரு, அதையும் போட்டேன். மூணு மணிக்குத் தின்னாரு. அஞ்சே முக்காலுக்கு முகம் ஒரு மாதிரி ஆச்சு...

வெய்க்கோ: சம்லி.

சம்லி: படகுத்துறைக்குப் பக்கத்துல அந்தக் கட்டணக் கழிப்பறை இருக்குல்ல, அதைப் பாத்துக் கெளம்பினாரு. ஓட்டம்னா ஓட்டம். முன்னாடி ஒரு பையன் பையைத் தூக்கிட்டு ஓடறது இவரு கண்ணுலயே படல. அவன் திரும்பிப் பாத்தான். ஆறரை அடி ஆளு, கருஞ்சட்டை, மூஞ்சி செவந்து வர்றாரு. அவன் பயந்து இன்னும் ஓடினான். இவரு அவனையும் தாண்டிட்டாரு. கழிப்பறை வாசலுக்குப் பத்தடி இருக்கறப்போ...

நத்தயா: பாட்டு வந்துச்சு.

சம்லி: பாட்டு வந்துச்சு.

கேப்டன் நத்தயா முதலில் மேசைமேல் கவிழ்ந்தார். பிறகு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்குவதை அப்படியும் மறைக்க முடியவில்லை. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். இரண்டு முறையும் பாதியிலேயே மறுபடி சிரித்தார். வெய்க்கோ, வீடியோவில் நின்றதைப் போலவே, எதிரே நேராக உட்கார்ந்திருந்தார். காலையில் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் வரிசையாக எழுந்து அவருக்கு வணக்கம் சொல்லியிருந்தார்கள். காப்பிக்கடைப் பெண் அவருடைய கோப்பைமேல் ஒரு பூவை வைத்துக் கொடுத்திருந்தாள். இவையெல்லாம் எதற்குக் கிடைத்தன என்பதை நினைத்தபோது, அவருக்கே சிரிப்பு வந்து, மீசைக்குள் நின்றது.

நத்தயா: மாமா... அப்போ வேலை முடிஞ்சுது. நீங்க துரத்தவே இல்ல. கைப்பட்டை உங்களோடதுதான். எழுதிடறேன்.

வெய்க்கோ: வேணாம்.

நத்தயா: என்ன வேணாம்?

வெய்க்கோ: துரத்தினேன்னே எழுதுங்க.

நத்தயா: கைப்பட்டை போயிடும்.

வெய்க்கோ: தெரியும்.

நத்தயா: மாமா, வெளையாடாதீங்க. அது போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?

வெய்க்கோ: அது இல்லன்னா, கடற்கரைல நாற்காலி போட்டு பீர் குடிக்கிற இன்னொரு கிழவன். ஊர்ல அப்படி நெறைய பேரு இருக்காங்க. நானும் ஒருத்தன்.

சம்லி: அந்தப் பட்டையக் கட்டறதுக்கு முன்னாடி இவரு யார்கிட்டயும் பேசினதே இல்ல கேப்டன். என்கிட்டகூட விரலக் காட்டித்தான் வாங்குவாரு.

நத்தயா: கேட்டீங்களா? அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்? வெக்கமா?

வெய்க்கோ: ஆமா. வெக்கம்.

நத்தயா: வயிறு எல்லாருக்கும்தான் இருக்கு.

வெய்க்கோ: என் வயித்துக்கு வீரன்னு பேரு வந்திருக்கு. கெடுக்க மனசில்ல. அதுவுமில்லாம, நான் சொன்னா கர்னல் நம்புவாரா? ஊரே துரத்தினான்னு சொல்லுது. சாட்சி எங்கன்னு கேப்பாரு.

நத்தயா: சம்லி அக்கா...

சம்லி: நான் வரமாட்டேன். நண்டு ஊறல்னு ஆரம்பிச்சா, நடைபாதைல வண்டி வைக்க யாரு சொன்னாங்கன்னு முடியும்.

நத்தயா: பாட்டு முடிஞ்சதும் திருடன் எந்தப் பக்கம் ஓடினான்?

சம்லி: எடது பக்கம், சந்துக்குள்ள. இவரு வலது பக்கம், கழிப்பறைக்கு. அதப் பாத்த ஆளு ஒருத்தி இருந்தாளே.

வெய்க்கோ: யாரும் இல்ல.

சம்லி: இருந்தா அண்ணே. ஏரோபிக்ஸ் ஆடிக்கிட்டிருந்தாங்கள்ல, நேத்து போட்டிவேற, இறுதிச் சுற்று. முன்வரிசைல கிளிப்பச்சை உடுப்பு, தலைல பட்டை, கறுப்புக் கண்ணாடி. என்னமாக் குதிச்சா. பாட்டு முடிஞ்ச நிமிஷம் நீங்க போயி அவமேல மோதி, ரெண்டு பேரும் உருண்டு...

வெய்க்கோ: நான் முகத்தப் பாக்கல.

நத்தயா: நான் கேக்கவே இல்லையே மாமா.

வெய்க்கோ: கேப்பீங்கன்னு.

சம்லி: அவளத் தேடிப் பிடிச்சா சாட்சி கெடச்சுடும்.

வெய்க்கோ: அந்த அம்மாவ விட்டுடுங்க. ஏதோ சந்தோஷமா ஆட வந்தவங்க. எதுக்கு ஸ்டேஷன், கேள்வி... இந்தாங்க.

வெய்க்கோ கைப்பட்டையை அவிழ்த்தார். வியர்வையில் இறுகியிருந்த அது எளிதில் கழலவில்லை. பல்லால் முடிச்சை இழுக்க நேர்ந்தது. அதை நீவி, எழுத்து மேலே தெரியும்படி மடித்து, மேசையின் நடுவில் வைத்தார். கை வெளிறியிருந்த இடத்தை மறு கையால் மூடிக்கொண்டார். அதுவரை இருந்த சிரிப்பு சாவடியை விட்டு வெளியேறியது. சம்லியின் உலக்கையும் நின்றுவிட்டது.

நத்தயா: அதைக் கட்டுங்க.

வெய்க்கோ: கேப்டன்...

நத்தயா: கட்டுங்க மாமா. சாட்சி இருக்கு.

வெய்க்கோ: வரமாட்டாங்க.

நத்தயா: வந்தாச்சு. காலைலேருந்து உங்க எதிர்லயே உக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டிருக்கா.

சம்லி: ஆங்!

நத்தயா: வாய மூடுங்கக்கா, ஈ போயிடும்.

சம்லி: அப்போ மூணாவது ஆட்டத்துல கால மாத்திப் போட்டது...

நத்தயா: நான்தான். அதுல ரெண்டு மதிப்பெண் போச்சு. மாமா, உண்மையச் சொல்லிடறேன். எனக்கு எந்தக் காய்ச்சலும் இல்ல. விடுப்பு கேட்டா ஏரோபிக்ஸுக்கான்னு கர்னல் சிரிப்பாரு. அதனால காய்ச்சல்னு சொல்லிட்டேன். அந்தத் திருட்டுப் பய என் மூக்குக்கு நேரா நின்னான். கைய நீட்டினா காது கெடைச்சிருக்கும். பாட்டு ஓடுது, எப்படி நீட்டறது? முடிஞ்சதும் எந்தக் கையால காதப் புடிக்கணும், எந்தக் காலால தட்டணும்னு எல்லாம் தயாரா வச்சிருந்தேன். முடிஞ்சுது... பனி வண்டி வந்து மோதிச்சு.

வெய்க்கோ: மன்னிக்கணும்.

நத்தயா: மன்னிப்பெல்லாம் வேணாம். உங்க கிட்ட இத மறைச்சுட்டு, உங்களையே உக்கார வச்சுக் குறுக்குக் கேள்வி கேட்டேன் பாருங்க, அதுக்குத்தான் நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. நீங்க என்னை அடையாளம் தெரியாமலே, யாரோ ஒருத்திக்காகப் பட்டைய அவுத்து வைக்கறீங்க.

வெய்க்கோ: தெரியும் கேப்டன்.

நத்தயா: என்ன தெரியும்?

வெய்க்கோ: உருண்டுகிட்டே, மண்ணு வாயோட, 'தொண்டர்கள் எக்காரணம் கொண்டும் ஓடக் கூடாது'ன்னு கத்தினீங்க. அடிபட்டு விழறப்பகூட விதியை முழுசாச் சொல்ற பொம்பள இந்த ஊர்ல ஒருத்திதான். அப்புறம் சாவடிக்கு வந்து பாத்தேன், 'கேப்டன் நத்தயா, காய்ச்சல்'னு பலகைல எழுதியிருந்துச்சு. சாட்சி தேடினா உங்க காய்ச்சல் வெளிய வந்துடும். அதனாலதான் துரத்தினதாவே இருக்கட்டும்னு... வெக்கமெல்லாம் சும்மா சொன்னேன். எங்க ஊர்ல வண்டியோட பனில சிக்கிக்கிட்டு, கழிப்பறையே இல்லாமத் தவிச்ச நாளெல்லாம் இருக்கு, வயிறு கெட்டதுக்கா நான் வெக்கப்படுவேன்?

நண்பகலுக்கு முன் கர்னலுக்குப் பதில் சென்றது. தொண்டர் வெய்க்கோ எவரையும் துரத்தவில்லை என்றும், உடல் உபாதையால் கழிப்பறை நோக்கி விரைந்தார் என்றும், இதை நேரில் கண்டவர் கேப்டன் நத்தயாவே என்றும் அதில் இருந்தது. கர்னல் முடிவு செய்தவை இவை: கைப்பட்டை வெய்க்கோவிடமே இருக்கும். நத்தயாவின் காய்ச்சல் விடுப்பு ரத்தாகும். அதற்கு ஈடாக அவர் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்யவேண்டும். உண்மைக் காரணத்தைச் சாவடிக்கு வெளியே எவரும் சொல்லக் கூடாது. கர்னலின் மனைவியிடம் சொல்வதும் அதில் அடங்கும்.