நாலு ஜாக்கியும் ஒரு வாயும்

…அதான் தம்பி, என் வயித்தெரிச்சலே அதான்! ஜெயிச்சவனுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட, சரி போ, பொழைச்சுப் போன்னு விட்டிருப்பேன். தோத்தவளுக்குக் குடுக்க வேண்டிய பணத்த இல்லேன்னுட்டாங்களே! தோத்ததுக்கும் காசு இல்லேன்னா அப்புறம் நான் எதுக்குத் தோக்கணும்? சொல்லுங்க. … என்ன அப்படி முழிக்கிறீங்க? இருங்க, வெவரமா சொல்றேன். நல்லா சாஞ்சு உக்காருங்க. ரீனோவுலேர்ந்து மினியாப்பொலிஸ் பிளேன்ல மூணு மணி நேரம் இருக்கு, நமக்கென்ன அவசரம்?

என் பேரு லொரெய்ன். டுலூத்து. ஆமா, அந்த ஏரிக்கரை ஊருதான், ஏப்ரல்லயும் பனி வாருற ஊரு. வேலை என்னன்னா, ரொட்டி வெட்டுற மெஷின். சூப்பர் மார்க்கெட்டுல முழு ரொட்டிய எடுத்து நீட்டினா டரடரன்னு துண்டு போட்டுக் குடுப்பாங்க பாருங்க, அந்த மெஷின்தான். எங்க கம்பெனி அத விக்கும். நான் கடை கடையாப் போயி, பிளேடு எப்படி மாத்துறது, வெரலு போகாம எப்படித் தொடைக்கிறதுன்னு சொல்லிக் குடுப்பேன். பத்தொம்போது வருஷம். வருஷத்துல பாதி நாளு ஓட்டல் கட்டில்தான். பத்து வெரலும் இருக்கு, எண்ணிப் பாத்துக்குங்க.

ரொட்டிக் கடைன்னா காலைல நாலு மணிக்கே அடுப்பப் பத்த வச்சுருவாங்க. நானும் நாலு மணிக்குப் போகணும். பதினோரு மணிக்கு என் வேலை முடிஞ்சுரும். அதுக்கப்புறம் என்ன செய்ய? ஓட்டல் ரூமுல போயி செவுத்தப் பாக்கவா? வராந்தாவுல ஐஸ் கட்டி கொட்டுற மெஷின் ஒண்ணு இருக்கும், அந்த ஐஸ் மெஷின் பக்கத்து ரூமத்தான் எப்பவும் எனக்குக் குடுப்பாங்க. அது ராவும் பகலும் கடகடன்னு… அந்த ஐஸ் மெஷின் கதை தனியா இருக்கு, அப்புறம் சொல்றேன். அதான், எந்த ஊருக்குப் போனாலும் கசினோ இருந்தா போக்கர் மேசைக்குப் போயிருவேன்.

ஏன் முகத்தச் சுளிக்கிறீங்க? நான் ஒண்ணும் வீட்ட வித்து ஆடுறவ இல்ல. கம்பெனியில ஒரு நாளைக்குச் சாப்பாட்டுக்குன்னு அம்பத்தெட்டு டாலர் தருவாங்க, பில்லு கேக்க மாட்டாங்க. அத அப்படியே சீட்டுக்கு ஒதுக்கிருவேன். சாப்பாட்டுக்குத்தான் நாள் பூரா வெட்டிக் காட்டுன ரொட்டி இருக்கே! பெட்டிக்குள்ள ஒரு வேர்க்கடலை வெண்ணெய் டப்பா, ஒரு கரண்டி, முடிஞ்சுது. பத்தொம்போது வருஷமா மத்தியானச் சோறு அதான். டாக்டர் கேட்டாரு, என்னம்மா சாப்பிடுறீங்கன்னு. நான் ஆரம்பிச்சேன், அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு, அடுத்த பேஷண்டாம்.

எங்க விட்டேன்? ஆங்… மேசை. இந்த மெஷின்ல காசு போட்டு இழுக்குறது, உருள்ற சக்கரம், அதெல்லாம் எனக்கு ஆவாது. அதுகூட யாரு பேசுறது? போக்கர்தான் நமக்கு. ஒம்போது பேரு வட்டமா உக்காந்திருப்பாங்க. முன்னாடி காசு கெடக்கும், விட்டுட்டு எந்திரிச்சு ஓட முடியாது. நாம பேசலாம்! அவங்க கேட்டுத்தான் ஆகணும். ரீனோவுக்கு வர்றப்பல்லாம் நான் போற அந்த ரூமுல என்னைய எல்லாருக்கும் தெரியும். நான் உள்ள வந்தாலே ரெண்டு மூணு பேரு காதுல எதையாச்சும் எடுத்து மாட்டிக்குவாங்க, விளையாட்டுக்குத்தான்.

புதன்கிழமை. மத்தியானம் ஒரு மணி இருக்கும். மேசையில பாதிப் பேரு ரிட்டையரானவங்க. எனக்கு எதிர்ல ஆர்வில்னு ஒரு பெரியவரு, எழுவத்தெட்டு வயசு, தபால்காரரா இருந்தவரு. மூணு நாளா ஒரே மேசையில ஆடுறோம், மனுஷன் மூணு வார்த்தை பேசல. எதச் செஞ்சாலும் ஆற அமரத்தான். காசுக்குப் பதிலா வைக்கிற வில்லை இருக்குல்ல, அதுல ஒண்ண எடுப்பாரு, அதத் தடவுவாரு, அத வைப்பாரு, அடுத்தத எடுப்பாரு… பாக்குற நமக்கு மூச்சு முட்டும். சீட்டுப் போடுறது மரிசெல்னு ஒரு பொண்ணு. கைவேகம்னா அப்படி ஒரு வேகம்.

இப்ப அந்தப் பரிசு. இத நல்லாக் கேட்டுக்குங்க. செவுத்துல ஒரு போர்டு, செவப்பு எழுத்து ஓடும். ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒரு டாலர எடுத்து எடுத்து அதுல சேத்துக்கிட்டே வருவாங்க. யாருக்கு அந்தப் பணம்னா, ரொம்ப ஒசந்த கையோட தோத்தவனுக்கு! நாலும் ஒரே சீட்டா வச்சுக்கிட்டு, அதுக்கும் மேல ஒருத்தன் வச்சிருந்து நாம தோத்துட்டா, அடிச்சது யோகம். பாதி தோத்தவனுக்கு. காவாசி ஜெயிச்சவனுக்கு. மிச்சத்த மேசையில இருக்குற எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பாங்க. புதன்கிழமை போர்டுல எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சத்து இருவதாயிரம். அதுல பாதியப் போட்டுப் பாருங்க.

எனக்கு அம்பத்தேழு வயசு. முட்டி ரெண்டும் போச்சு. அந்தப் பாதி வந்தா வீட்டுக் கடன அடைச்சுட்டு, கம்பெனிக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிரலாம். ராஜினாமாக் கடுதாசிய நாலு வருஷமா போன்ல எழுதி வச்சிருக்கேன். அப்பப்ப எடுத்துத் திருத்துவேன். போன மாசந்தான் கடைசி வரியக் கொஞ்சம் காரமா மாத்துனேன்.

இப்ப ஆட்டம். எனக்கு ரெண்டு ஜாக்கி வருது. நடுவுல எல்லாருக்கும் பொதுவா மூணு சீட்டு விரிச்சா, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் ஜாக்கி, ஆட்டின் பத்து! நாலு ஜாக்கியும் என் கையில, தம்பி. நாலும்! எனக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. சந்தோசத்துல பக்கத்துல இருந்தவருகிட்ட எங்க வீட்டு நாயப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது பாருங்க. நாலாவது சீட்டு ஆட்டின் ஏழு. கடைசிச் சீட்டு ஏதோ ஒரு ரெண்டு. மத்தவங்க எல்லாரும் சீட்டக் கவுத்துட்டு ஒதுங்கிட்டாங்க, மிச்சம் நானும் ஆர்விலும்தான். நான் என்கிட்ட இருந்த மொத்தத்தையும் முன்னாடி தள்ளிட்டேன்.

ஆர்வில் யோசிக்கிறாரு. இல்ல, யோசிக்கல, அவரு அப்படித்தான். வில்லை மேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒரு சத்தம் இல்ல. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுது. கீழ ஆட்டின் ஜாக்கி, பத்து, ஏழு. இந்த மனுஷன்கிட்ட ஆட்டின் எட்டும் ஒம்போதும் இருந்தா, ஏழு எட்டு ஒம்போது பத்து ஜாக்கி, வரிசையா ஒரே பூ, அது நாலு ஜாக்கிக்கும் மேல! நான் தோத்தேன்! தோத்தா பரிசு! ஐயோ, ஆண்டவனே, என்னையத் தோக்க வையின்னு வேண்டிக்கிட்ட ஒரே ஆளு நாந்தான் அந்தக் கட்டடத்துல.

அதே மாதிரி இருந்துச்சு தம்பி! வில்லையத் தள்ளுனாரு, சீட்டத் திருப்புனாரு. எட்டு. ஒம்போது. ரெண்டும் ஆட்டின். மேசையே எந்திரிச்சுருச்சு! மரிசெல் வாயப் பொத்திக்கிட்டா. அடுத்த மேசைக்காரங்க நாற்காலியத் தள்ளிட்டு ஓடி வராங்க. யாரோ ஒரு பொம்பள என்னையக் கட்டிப் புடிச்சு, தோத்துட்டியே தோத்துட்டியேன்னு முத்தம் குடுக்குறா. அஞ்சு நிமிசம் நான் ரிட்டையராகி இருந்தேன். நெசமாத்தான். எங்க வீட்டுக்காரரு ஸ்டானுக்குப் போனப் போட்டேன். விஷயத்தச் சொன்னேன். அவரு, சரி, வரும்போது பாலு வாங்கிட்டு வான்னாரு. அவரு எப்பவும் அப்படித்தான், டி.வி.ல ஐஸ் ஹாக்கி ஓடும்போது போன் பண்ணது என் தப்பு.

அப்புறம் வந்தாருய்யா மேற்பார்வை பாக்குறவரு, கார்ல்டன்னு பேரு. வந்து, விசாரிச்சு, பரிசு கெடையாதுன்னுட்டாரு.

ஏனா? ஏதோ ஒரு சட்டமாம். … விடுங்க தம்பி அதப் பத்தி இப்ப என்ன. … சரி, சட்டம் இதான். ஆட்டம் முடியறதுக்கு முன்னாடி அந்தப் பரிசப் பத்தி யாரும் வாயத் தெறக்கக் கூடாதாம். ஒருத்தன் தெறந்தாலும் மொத்த மேசைக்கும் போச்சாம். செவுத்துல எழுதி வேற ஒட்டியிருக்கு, எனக்குத் தெரியாதா என்ன, அதுக்கு நேர் எதிர்லதான மூணு வருஷமா உக்காருறேன்.

யாரு தெறந்தாங்கன்னா கேக்குறீங்க?

…நாந்தான். வேற யாரு.

இல்ல, நீங்களே சொல்லுங்க! அந்த மனுஷன் கைய வச்சுக்கிட்டு அசையாம இருக்காரு. நாப்பது செகண்டு. ஒருத்தரும் மூச்சு விடல. எனக்குச் சத்தம் இல்லாம இருந்தா உள்ளுக்குள்ள ஏதோ பண்ணும். வாய் தானா போயிருச்சு. “பெரியவரே, உங்ககிட்ட மட்டும் ஆட்டின் எட்டும் ஒம்போதும் இருந்துச்சுன்னா, இந்த மேசைக்கே இன்னைக்குப் பரிசுதான்”னேன். அவரு வில்லையத் தள்ளுறதுக்கு முன்னாடி. அடுத்த மேசையில எவனோ கேட்டுட்டுப் போயி வத்தி வச்சுட்டான்.

பாருங்க, இப்பத்தான் கூத்தே. மேல கேமரா இருக்கு, அதுல படம் தெரியும், சத்தம் கேக்காது. அதனால கார்ல்டன் ஒவ்வொருத்தரா விசாரிச்சாரு. அந்தம்மா பேசினது இவரு காசத் தள்ளுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? ஏழு பேரும் பின்னாடிதான்னு சொன்னாங்க. சொல்லி வச்ச மாதிரி. மரிசெல் சொன்னா, நான் சீட்டப் பாத்துட்டிருந்தேன், காதுல விழலன்னு. ஆர்வில், சர்ச்சுல காணிக்கைத் தட்டு ஏந்துற மனுஷன், பொய்யே சொல்லாத மனுஷன், தலையக் குனிஞ்சுக்கிட்டு, பின்னாடின்னாரு. அவருக்கு முப்பதாயிரம் வர வேண்டியது. கூரை ஒழுகுதாம் வீட்டுல. அது எனக்கு அப்புறந்தான் தெரியும்.

கடைசியா என்கிட்ட வந்தாரு. நான் என்ன சொல்லணும்? பின்னாடி. ஒரே ஒரு வார்த்தை. அது கூட வேணாம், சும்மா தலைய ஆட்டியிருந்தாப் போதும். மேசையே கண்ணால கெஞ்சுது.

ஆனா அந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு என் முன்னாடி உக்காந்தாரு. கையில இருந்த பேனாவக் கீழ வச்சாரு. வச்சுட்டு, “நிதானமாச் சொல்லுங்கம்மா. என்ன நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க, எனக்கு அவசரம் இல்ல”ன்னாரு.

மொதல்லேர்ந்து சொல்லுங்கன்னாரு தம்பி. அவசரம் இல்லேன்னாரு. சுத்தி முப்பது பேரு நிக்கிறாங்க. ஒருத்தரும் போனப் பாக்கல. ஒருத்தரும் கடிகாரத்தப் பாக்கல. எல்லாரும் என் வாயத்தான் பாக்குறாங்க, இவ என்ன சொல்லப் போறாளோன்னு.

சொன்னேன். மொதல்லேர்ந்து. காலைல நாலு மணிக்குக் கடைக்குப் போனதுலேர்ந்து. பிளேடு மாட்டும்போது அந்தப் பொண்ணு பயந்தது, ரொட்டி, முட்டி வலி, ஐஸ் மெஷின், எல்லாம். இருவது நிமிசம். நடுவுல அவரு, அப்புறம்னு வேற கேட்டாரு! ரெண்டு தடவ! சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம், என் கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அப்படி இல்ல. அந்த ஓட்டத்துல ஆர்வில் நாப்பது செகண்டு கைய வச்சுக்கிட்டு இருந்தது வந்துச்சு, எனக்குத் தாங்காம நான் பேசினது வந்துச்சு… அவரு அதுக்கப்புறந்தான் காசத் தள்ளுனாருங்கறதும் வந்துருச்சு. கதைய வரிசையாத்தான சொல்ல முடியும்? நடுவுல ஒண்ண மாத்துனா நல்லாவா இருக்கும்?

நேர்மை கீர்மையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. பொய் சொல்ல நான் தயாராத்தான் இருந்தேன். பொய் சொன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சுரும். அதான் மனசு வரல.

கார்ல்டன் பேனாவ எடுத்து, பரிசு இல்லேன்னு எழுதிட்டாரு. என்னைய அடிக்கப் போறாங்கன்னுதான் நெனச்சேன். என் கையில காசும் இல்ல, எல்லாம் ஆர்விலுகிட்டப் போயிருச்சு. பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். அப்ப அந்த ஆர்வில் சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க! கண்ணுல தண்ணி வர, மேசையத் தட்டித் தட்டி, பல்லு செட்டுக் கழண்டு வர்ற மாதிரி சிரிக்கிறாரு. அவரப் பாத்து மரிசெல், மரிசெலப் பாத்து மத்தவங்க. “உக்காரும்மா, அந்த ஐஸ் மெஷின் என்னதான் ஆச்சு, சொல்லிட்டுப் போ”ன்னாரு. முப்பதாயிரத்தத் தொலச்சவரு கேக்குறாரு! உக்காந்தேன். காசு இல்லாம ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில உக்கார விட்டாங்க.

இப்ப நெனச்சாலும் சிரிப்பு சிரிப்பா வருது. அறுவதாயிரம் போச்சு, திங்கக்கிழமை ஃபார்கோவுல ரெண்டு கடைக்குப் போகணும், முட்டி இப்பவே வலிக்குது, நான் பாட்டுக்குச் சிரிக்கிறேன் பாருங்க, பைத்தியக்காரி மாதிரி…

ஆங், பெல்ட்ட அவுக்கலாம்னு வெளக்கு அணைஞ்சுருச்சு. எந்திரிக்கிறீங்களா? பாத்ரூமுக்கா? இருங்க, கால மடக்கிக்கிறேன், இந்த முட்டி வேற… தாராளமாப் போயிட்டு வாங்க.

தம்பி, பாத்ரூமுக்கு எதுக்குப் பை? … கோட்டையும் எடுத்துக்கிட்டீங்க. … ஓ, அங்க பின்னாடி காலி எடம் இருக்கா. காலு நீட்டிக்கலாம். சரிதான், சரிதான், நீங்க நல்லாத் தூங்குங்க.

இல்ல, பரவால்ல, போங்க. அந்த ஐஸ் மெஷின் கதை பெருசாத்தான் இருக்கும்.