வேல்சாமியின் வலப்பக்கம் யார்?

நடுநாற்காலியையும் மின்விசிறிக் காற்றையும் ஒருசேர ஆளும் தலைவர் ஆறுமுகசாமி அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகம் சுளிக்காமல் வீற்றிருக்கும் மூத்தோர்களே! சாலைக்கடைத் தெருவில் பேரம் பேசியே பெருவணிகர்களைப் பணியவைக்கும் தாய்மார்களே! பின்னால் விசிலோடு காத்திருக்கும் என் தோழர்களே! ப்ளஸ் டூ மாணவன் மகாராஜாவின் வணக்கம். பெயரில்தான் மகாராஜா; எனக்குத் தந்திருப்பதோ மூன்றே நிமிடம்!

இன்னும் சற்று நேரத்தில் நம் தமிழ்ச்சங்க இளைஞர்கள் ரோமானியப் போர் நாடகம் நடத்துகிறோம். "ரோமாக்காரன் எப்படிச் சண்டை போட்டாம்னு சின்னதா முன்னுரை சொல்லுடே" என்றார் செயலாளர் சிவதாணு அண்ணாச்சி. சொல்கிறேன் அண்ணாச்சி, சொல்லாமல் விடமாட்டேன்!

ரோமானியன் எப்படிப் போரிட்டான்? தனியே பாய்ந்தானா? தாவினானா? தலைமுடியைச் சிலுப்பினானா? இல்லை! முதலில் எறிவேலை எறிந்தான். அது எதிரியின் கேடயத்தில் குத்தி வளைந்து தொங்கியது. பிறகு குறுவாளை உருவினான். விளாசவில்லை, கேடயத்தின் ஓரமாய்க் குத்தினான். முன்னே நின்றவன் களைத்தால் பின்னே நின்றவன் முன்னே வந்தான். இடக்கையில் பெருங்கேடயம், அது காப்பது தன்னையும், தன் இடப்பக்கத் தோழனையும்! வலப்பக்கத்தான் நகர்ந்தால் இவன் விலா வெளியே! நின்ற இடத்தில் நிற்பதுதான் அவன் வீரம், ஐயா!

எங்கள் வரிசையில் அப்படி நின்றவள் பொன்செல்வி. சாலைக்கடைத் தெருவில் மூட்டை சுமக்கும் பேச்சிமுத்து அண்ணனின் மகள். பிளைவுட் கேடயத்தோடு மழையிலும் ஒத்திகைக்கு வந்தவள். அவளுக்கு இடப்பக்கம் வேல்சாமி. அவள் நின்றவரை அவன்மேல் ஓர் அடி விழுந்ததா? விழவில்லை!

நேற்று ஒத்திகையில் என்ன நடந்தது? "பெண்ணுபுள்ள வாளெடுத்தா காணக் கொள்ளாமா, நல்லாவா இருக்கும்? அவ வாசல்ல பன்னீர் தெளிக்கட்டு. அந்த இடத்துல நம்ம ஆதர்ஷ் நிக்கட்டு" என்றார் அண்ணாச்சி. யார் அந்த 'நம்ம' ஆதர்ஷ்? அண்ணாச்சியின் சொந்த மகன்! ஒத்திகைக்கு ஒருநாளாவது வந்தானா? இல்லை. நேற்று வந்தவன் நின்றானா? அதுவும் இல்லை! செல்போன் கேமராவைக் கண்டதும் வரிசையை விட்டு வெளியே பாய்ந்தான். பாய்ந்த வழியே எதிரணியின் தடி வந்தது. வேல்சாமியின் வலப்புருவம் கிழிந்தது, தையல் போட்டார்கள். அதற்கும் அண்ணாச்சி வேல்சாமியைத்தான் கேட்டார்: "எலேய், ஒனக்கு ஒழுங்கா நிக்கத் தெரியாதா?" நின்றவனுக்குத் திட்டு! ஓடியவனுக்கு சர்பத்! இது என்ன நியாயம்? எந்த ஊர் நியாயம்?

என்ன தலைவர் அவர்களே, மணி அடிக்கிறீர்களா? அடியுங்கள், வேல்சாமி வாங்கியதைவிடவா பெரிய அடி!

"இப்ப என்ன செய்யணுங்கே?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். சொல்கிறேன். தையலோடு வேல்சாமி வந்து நிற்கிறான். அவன் வலப்பக்கம் பொன்செல்வி நின்றால் நாடகம் உண்டு. இல்லையென்றால் எங்கள் கேடயங்கள் தரையில்! திரைக்குப் பின்னால் தடதடவென்று கேட்கிறதே, கேட்டதா? எங்கள் படை கேடயங்களைக் கீழே வைத்தேவிட்டது!

முறைக்காதீர்கள் அண்ணாச்சி, திரும்பிப் பாருங்கள். திரையை விலக்கிக்கொண்டு உங்கள் மகனே வருகிறான். மைக்கில் சொல்லுடே ஆதர்ஷ்!

"அப்பா, இந்தக் கேடயம் பயங்கர கனம்ப்பா. அவளே நிக்கட்டு."

கைதட்டுங்கள் தாய்மார்களே! பொன்செல்வி, பன்னீர்ச்செம்பை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு மேடைக்கு வா!

பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், பொறுக்காமல் தட்டிய கைகளுக்கும் நன்றி. படை வரிசையில் நிற்கிறது. வணக்கம்!